ஒரு பிளான்தானே, போட்டுக் குடு

இந்த எபிசோடுக்கு கெஸ்ட் கிடையாது. வர வேண்டியவள் என் ஸ்கூல் ஃப்ரெண்டு. ஆர்க்கிடெக்ட். மூணு மாசமா கூப்பிட்டுப் பார்த்தேன். "மைக் முன்னாடி எனக்குப் பேச வராதுடா. உன் வீட்டுக் கதைதானே, நீயே சொல்லு" என்று ரெண்டு கண்டிஷன் போட்டு அனுப்பிவிட்டாள். ஒன்று, அவள் பெயரைச் சொல்லக் கூடாது. ரெண்டாவது, ஃபீஸ் விஷயத்தை மறைக்கக் கூடாது. முதல் கண்டிஷன் சுலபம். ரெண்டாவதுக்கு வரும்போது எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைக்கும், பொறுத்துக்குங்க.

முதல்ல ஊர். சென்னையிலிருந்து திருச்சி போகிற பஸ்ஸில் பாதித் தூக்கத்தில் "பெரம்பலூர் இறங்கு" என்று கண்டக்டர் கத்துவாரே, அந்த ஊர். பெரும்பாலானவர்களுக்குப் பெரம்பலூர் அவ்வளவுதான். நான் அங்கே குன்னம் பக்கத்துக் கிராமம். அவள் அரியலூர். நாங்கள் பிறந்தது 1997ல். அப்போ ரெண்டு பேரும் ஒரே மாவட்டம். 2001ல் அரியலூர் தனி மாவட்டம். 2002ல் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007ல் மறுபடி பிரித்தார்கள். ஸ்கூல் ஃபார்மில் மாவட்டம் என்ற கட்டத்தைப் பார்த்தால் இன்றைக்கும் அவளுக்கு ஒரு நொடி கை நிற்கும்.

அவங்க அப்பா சிமென்ட் லாரி ஓட்டினவர். அரியலூரில் இது பெரிய செய்தி இல்லை. ஊரைச் சுற்றி சுண்ணாம்புக்கல் சுரங்கம், அதைச் சுற்றி சிமென்ட் ஆலைகள். அரசு ஆலை ஒன்று, தனியார் ஆலைகள் பல. மழை பெய்தால் சாலையில் சாம்பல் நிறச் சேறு, வெயில் அடித்தால் அதே சேறு தூசியாகக் கிளம்பும். இந்தச் சுண்ணாம்புக்கல் எங்கிருந்து வந்தது? கடலிலிருந்து. டைனோசர் காலத்தில், அதாவது கிரெட்டேசியஸ் காலத்தில், இந்தப் பக்கமெல்லாம் கடல். கிளிஞ்சலும் சிப்பியும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகி, அதைத்தான் இப்போ வெட்டி எடுத்து அரைத்து, களிமண் சேர்த்து, 1,450 டிகிரி சூட்டில் வேகவைத்து மூட்டை கட்டுகிறார்கள். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோ போட்டால் அதில் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். இது கெமிஸ்ட்ரி, பிளஸ் ஒன்னில் படித்ததுதான். ஆனா படிக்கும்போது அது நம்ம ஊர்க் காற்றில் நடக்கிற விஷயம் என்று யாரும் சொல்லவில்லை.

பிளஸ் டூ முடித்ததும் எல்லாரும் இன்ஜினியரிங். நானும்தான். அவள் மட்டும் நாட்டா எழுதினாள். ஆர்க்கிடெக்சருக்கான நுழைவுத் தேர்வு. "அஞ்சு வருஷமா? டாக்டருக்கே அவ்வளவுதான்" என்று அவங்க மாமா சொன்னார். அந்த அஞ்சு வருஷமும் அவள் போன் பேசினால் பின்னணியில் அட்டை வெட்டும் சத்தம் கேட்கும். நாங்கள் செமஸ்டருக்கு முந்தின ராத்திரி மட்டும் கண் விழிப்போம். அவர்கள் ஜூரிக்காக மாசக்கணக்கில் கண் விழிப்பார்கள். ஜூரி என்றால் நீதிமன்றம் இல்லை. நீங்கள் வரைந்ததைச் சுவரில் ஒட்டி, மாடலை மேஜைமேல் வைத்து, பக்கத்தில் நிற்க வேண்டும். நாலு பேர் வந்து கேள்வி கேட்பார்கள். அவள் சொன்ன கணக்குப்படி, மூணு வாரம் தூங்காமல் செய்த வேலைக்கு ஆறு நிமிஷம் கிடைக்கும். எங்கள் ஆபீசில் கோடு ரிவியூவுக்கே நாங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம்.

அவளுடைய புராஜெக்ட்டில் மூணு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

ஒன்று, கங்கைகொண்ட சோழபுரம். மெஷர்ட் டிராயிங் என்று ஒரு பாடம் உண்டு. ஒரு பழைய கட்டடத்துக்குப் போய், டேப் பிடித்து, அங்குலம் அங்குலமாக அளந்து வரைவது. கோயிலின் விமானத்தை அளக்கக் குழுவில் எல்லாருக்கும் ஆசை. முதலாம் ராஜேந்திரன் கட்டியது, ஆயிரம் வருஷம் பழசு, தஞ்சாவூர் மாதிரி நேராக ஏறாமல் உள்பக்கமாக வளைந்து ஏறும். இவளுக்குக் கிடைத்தது சிங்கக் கிணறு. சிங்கத்தின் உடம்புக்குள் நுழைந்து படி இறங்கினால் கிணற்றுத் தண்ணீர். ரெண்டு நாள் அந்தப் படிகளிலேயே உட்கார்ந்திருந்தாளாம். "ஒவ்வொரு படியும் ஒவ்வொரு அளவுடா. டிராயிங்ல நான் எல்லாத்தையும் சமமா போட்டுட்டேன். சார் வந்து ஒரு படியைக் காட்டி, இதை அளந்தியா, நினைச்சியா-ன்னு கேட்டார்." அதற்கு அவளிடம் பதில் இல்லை. திரும்பப் போய் அளந்தாள்.

அங்கேதான் இன்னொரு விஷயமும் கேள்விப்பட்டாள். கோயிலைச் சுற்றி இருந்த பெரிய மதில் இப்போ முழுசாக இல்லை. 1836ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டினபோது, நம்ம அணைக்கரைதான், அந்த மதில் கல்லையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மாளிகைமேடு என்கிற இடத்தில் சோழர் அரண்மனை இருந்தது. செங்கல் கட்டடம். மேடு மட்டும்தான் மிச்சம், இப்போ தொல்லியல் துறை தோண்டத் தோண்ட செங்கல் சுவரும் கூரை ஓடும் வருது. அவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. "ஒரு கட்டடம் செத்தா இன்னொரு கட்டடம் ஆகுது" என்று சாதாரணமாகச் சொன்னாள். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் தாத்தா வீட்டு ஓடு விஷயத்தில் திரும்ப வரும்.

ரெண்டாவது புராஜெக்ட், மூணாம் வருஷம், ஒரு தொடக்கப் பள்ளி. அதைப் பற்றி அவளே பேச மாட்டாள். கண்ணாடிச் சுவர், நடுவில் குளம், மேலே மிதக்கிற மாதிரி ஒரு கூரை. ஜூரியில் பாராட்டு. "அந்தக் கண்ணாடியை யார் துடைப்பா, குளத்துல கொசு வந்தா ஹெட்மாஸ்டர் என்ன பண்ணுவார், நான் யோசிக்கவே இல்ல. யோசிக்காததுக்குத்தான் மார்க் வந்துச்சு."

மூணாவது, தீசிஸ். கடைசி செமஸ்டர் முழுக்க ஒரே டிசைன். இடத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கூடப் படிச்சவங்க ஏர்போர்ட், ஐடி பார்க், கடலோர ரிசார்ட் என்று எடுத்தார்கள். இவள் அரியலூர் பக்கத்தில் கல் வெட்டி முடித்த ஒரு சுரங்கக் குழியை எடுத்தாள். மழைத் தண்ணீர் தேங்கி, பச்சையாக, ஆழமாக ஒரு ஏரி மாதிரி நிற்கும். சுற்றிலும் வெட்டின சுவர். அந்தச் சுவரில் அடுக்கடுக்காகச் சிப்பிகள்.

எங்கள் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்றேன். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று படுத்திருக்கு, 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி வருஷம் பழசு. காரை பக்கத்தில் ஓடை அரித்த செம்மண் மேடுகளில் நடந்தால் காலில் புதைபடிவம் தட்டும். நத்தை மாதிரி சுருண்ட அம்மோனைட் கிடைச்ச பூமி. வாரணவாசியில் இதற்காகவே ஒரு அருங்காட்சியகம் இருக்கு. 2020ல் குன்னத்தில் ஏரி தோண்டும்போது உருண்டை உருண்டையாகக் கல் வந்ததும், வாட்ஸ்அப் முழுக்க டைனோசர் முட்டை என்று ஓடியது. எங்கப்பாவே எனக்கு ஃபார்வர்ட் பண்ணினார். கடைசியில் அது அம்மோனைட்டைச் சுற்றி இறுகின கல் என்று நிபுணர்கள் சொன்னார்கள். அந்தத் திருத்தத்தை யாரும் ஃபார்வர்ட் பண்ணவில்லை.

சரி, தீசிஸ். அந்தக் குழியின் சுவரை ஒட்டிப் படிப்படியாக இறங்குகிற ஒரு புதைபடிவ மையம். கீழே இறங்க இறங்கக் காலம் பின்னால் போகும். அந்த இறக்கத்தை அவள் சிங்கக் கிணற்றிலிருந்து எடுத்திருந்தாள், படிகளின் அளவு உட்பட. மேலே லாரி டிரைவர்கள் படுத்து எழுந்து குளிக்க ஒரு இடம். இதுதான் அவங்க அப்பாவுக்காக வைத்தது என்று எனக்குத் தெரியும். ஜூரிக்குத் தெரியாது. வெளியிலிருந்து வந்த ஒரு நிபுணர் கேட்டார்: "அரியலூருக்கு யாரும்மா வருவாங்க?" அவள் சொன்ன பதில், "ஏற்கெனவே இருக்கிறவங்க, சார்." மார்க் சுமார்தான். ஆனா அந்தக் கேள்வி அவளை விடவில்லை. அடுத்த ரெண்டு வருஷமும் அதே கேள்வி வேறு வேறு வாயிலிருந்து வந்தது.

2019ல் சென்னையில் ஒரு ஆபீசில் சேர்ந்தாள். என்ன டிசைன் பண்றே என்று கேட்டால், "டாய்லெட்" என்பாள். அடுக்குமாடிக் கட்டடத்தில் நானூறு டாய்லெட்டுக்கும் டைல்ஸ் லேஅவுட், குழாய் எங்கே, சாய்வு எந்தப் பக்கம், இதுதான் வேலை. சம்பளத்தைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் இது பழைய வழக்கம். பாலகிருஷ்ண தோஷி 1951ல் பாரிசில் லெ கார்பூசியே ஆபீசில் சேர்ந்தபோது முதல் எட்டு மாசம் சம்பளமே கிடையாது. 2018ல் அவர் பிரிட்ஸ்கர் பரிசு வாங்கினார், அதை வாங்கின முதல் இந்தியர். இந்தக் கதையை எல்லா ஆபீசிலும் ஜூனியர்களுக்குச் சொல்வார்களாம். சம்பளம் கேட்கிற அன்றைக்கு மட்டும்.

2020 லாக்டவுனில் பாதிச் சம்பளம், அப்புறம் அதுவும் இல்லை. அரியலூர் திரும்பினாள். வீட்டு முன் அறையில் ஒரு மேஜை, ஒரு லேப்டாப், வாசலில் ஒரு போர்டு. முதல் ஆறு மாசத்தில் வந்த எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "பிளான் போட எவ்வளவு?" சதுர அடிக்கு ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய் என்று பேரம். வாஸ்துக்காரர் ஏற்கெனவே எல்லாம் சொல்லிவிட்டிருப்பார், மேஸ்திரி ஏற்கெனவே நூல் கட்டியிருப்பார், பேங்க் லோனுக்கு ஒரு பேப்பர் வேணும், அவ்வளவுதான். சட்டமும் அவளுக்குப் பெரிசாகத் துணை இல்லை. 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் ஆக்ட்படி, பதிவு செய்யாதவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனா வீட்டை டிசைன் பண்ணலாம். 2020ல் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: காக்கப்படுவது பெயர்தான், வேலை இல்லை.

இப்போ என் பங்கு.

2022ல் எனக்கு வீட்டு லோன் கிடைத்தது. கிராமத்தில் தாத்தா கட்டின வீட்டைப் பிரித்துவிட்டு அப்பா அம்மாவுக்குப் புதுசாக ஒன்று. 1,100 சதுர அடி. அவளுக்குப் போன் போட்டேன். நான் பேசின வார்த்தையை அப்படியே சொல்றேன்: "ஒரு பிளான்தானே, போட்டுக் குடு. நமக்குள்ள என்ன." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி, மெயில் பண்றேன்" என்றாள். மெயிலில் ஒரு கொட்டேஷன் வந்தது. மொத்தச் செலவில் இவ்வளவு சதவீதம், எந்தக் கட்டத்தில் எவ்வளவு, எத்தனை முறை சைட்டுக்கு வருவாள், எல்லாம் போட்டு, கீழே கையெழுத்து, பதிவு எண்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் என் ரெக்கார்டு நோட்டுக்கு டயக்ராம் போட்டுக் கொடுத்தவள் இப்போ இன்வாய்ஸ் அனுப்புறாளே! நாலு நாள் பதில் போடவில்லை. அஞ்சாவது நாள் ஆபீசில் ஒரு கிளையண்ட் மீட்டிங். "இது சின்ன சேஞ்ச்தானே, இதுக்கு எதுக்கு தனியா பில்லிங்" என்று அவர் கேட்டார். நான் ரொம்ப மரியாதையாக, புள்ளிவிவரத்தோடு, எங்கள் நேரத்தின் மதிப்பை விளக்கினேன். மீட்டிங் முடிந்து லேப்டாப்பை மூடும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. அன்றைக்கே அட்வான்ஸ் அனுப்பினேன். மன்னிப்பு கேட்கவில்லை. அதுவும் உண்மைதான், சொல்லிடறேன்.

அவள் வந்து முதலில் செய்தது வரையறது இல்லை. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு குழி தோண்டச் சொன்னாள். எங்கள் ஊர் கரிசல் மண். பருத்தி, மக்காச்சோளத்துக்கு அருமையான மண். வீட்டுக்கு அது எமன். மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். சித்திரை மாசம் எங்கள் காட்டில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். அந்த மண்மேல் வீடு என்பது, மூச்சு விடுகிற ஒருவர் வயிற்றின்மேல் தட்டு வைக்கிற மாதிரி.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கப்பா கட்டின வீடு அறுபது வருஷமா நிக்குதும்மா. எந்தக் குழியும் தோண்டல." மேஸ்திரி அவருக்கு மேல். "பாப்பா, நான் முப்பது வருஷமா இந்த ஊர்ல வானம் தோண்டுறேன்." அவள் இருவரிடமும் வாதாடவே இல்லை. தாத்தா வீட்டுச் சுவரில் கை வைத்து, "வருஷா வருஷம் பொங்கலுக்கு இதைப் பூசுவீங்கல்ல?" என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா, "ஆமா, விரிசல் விடுமே" என்றார். மண் சுவர், மேலே சீமை ஓடு. லேசான வீடு. மண்ணோடு சேர்ந்து அதுவும் அசையும், வருஷம் ஒரு தடவை பூசினால் போதும். கான்கிரீட் அப்படி அசையாது, உடையும்.

அப்புறம் ஒரு வேலை செய்தாள். குழியில் எடுத்த மண்ணைக் காய வைத்து, பொடித்து, சலித்து, ரெண்டு கண்ணாடி அளவு ஜாடியில் சரிசமமாகப் போட்டாள், பத்துப் பத்து கிராம். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண்ணெண்ணெய். கலக்கித் திண்ணையில் வைத்துவிட்டு, "நாளைக்கு வரேன்ப்பா, யாரும் தொடாதீங்க" என்று போய்விட்டாள். ஃப்ரீ ஸ்வெல் டெஸ்ட் என்று பெயர், இந்தியத் தரக் குறியீட்டிலேயே இருக்கிற சோதனை. மண்ணெண்ணெயில் கரிசல் ஊதாது, தண்ணீரில் ஊதும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த மண்ணின் குணம். அப்பா ராத்திரி மூணு தடவை டார்ச் அடித்துப் பார்த்தாராம், அம்மா சொன்னார். காலையில் தண்ணீர் ஜாடியில் மண் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காக நின்றது. அப்பா எதுவும் சொல்லவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் அவளைப் பாப்பா என்று கூப்பிட்டதில்லை, மேடம் என்றும் இல்லை. "இன்ஜினியரம்மா" என்றார். ஆர்க்கிடெக்ட் என்ற பெயரை நாடாளுமன்றமே சட்டம் போட்டுக் காப்பாற்றியும் எங்கள் ஊரில் இன்ஜினியரம்மாதான்.

அவள் போட்டது அண்டர் ரீம்டு பைல். ரூர்க்கியில் இருக்கும் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாதிரி மண்ணுக்காகவே வளர்த்தெடுத்த முறை. சுமார் மூன்றரை மீட்டர் ஆழத்துக்குத் துளை. அடியில் மட்டும் வெங்காயம் மாதிரி அகலமாகக் குடைந்து, கம்பி இறக்கி, கான்கிரீட் ஊற்றுவது. அந்த ஆழத்தில் மழையும் வெயிலும் மண்ணை அவ்வளவாகத் தொடாது. மேலே மண் எவ்வளவு ஊதினாலும் அடியில் இருக்கிற வெங்காயம் பிடித்துக்கொள்ளும். தரைமட்ட பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விடணும், மண் எழும்ப இடம் வேண்டுமே. 24 பைல். திருச்சியிலிருந்து ஆள் வந்தது. கூடுதல் செலவு ஒன்றரை லட்சத்துக்குப் பக்கத்தில். மண்ணுக்குள் போகிற பணம், கிரகப்பிரவேசத்துக்கு வருகிற யாருக்கும் தெரியாத பணம். எனக்கு வலித்தது.

அந்த நாட்களில்தான் அவள் லாரி பேக்கர் பற்றிச் சொன்னாள். திருவனந்தபுரம் தம்பானூரில் சுருள் கோபுரம் மாதிரி ஒரு இந்தியன் காபி ஹவுஸ் இருக்கே, வட்டமாக ஏறிக்கொண்டே காபி குடிப்போமே, அதைக் கட்டினவர். 1917ல் பர்மிங்காமில் பிறந்து, அங்கேயே ஆர்க்கிடெக்சர் படித்தவர். 1945ல் தொழுநோய் மருத்துவமனைகள் கட்டுவதற்காக இந்தியா வந்தார். வந்து பார்த்தால், படித்தது எதுவும் இங்கே பொருந்தவில்லை. மண், சாணம், செம்பாறாங்கல், இதையெல்லாம் எப்படிக் கையாள்வது என்று கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை. டாக்டரான மனைவியோடு இமயமலைப் பக்கம் பித்தோராகட்டில் 16 வருஷம் இருந்தார். அங்கே ஊர்க்காரர்கள் எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். அதற்கு முன்னால் பம்பாயில் காந்தியைச் சந்தித்திருந்தார். நல்ல கிராமத்து வீடு என்பது அஞ்சு மைல் சுற்றளவுக்குள் கிடைக்கிற பொருளால் கட்டினதாக இருக்கணும் என்று காந்தி சொன்னது அவர் மனசில் கடைசி வரை நின்றது.

"கேட்க நல்லா இருக்கு. ஆனா காந்தி அரியலூருக்கு வந்து அஞ்சு மைல் கோடு போட்டிருந்தா உள்ள என்ன இருக்கும்? சிமென்ட் ஃபேக்டரி!" என்று சொல்லிவிட்டு அவளே ரொம்ப நேரம் சிரித்தாள். அப்புறம் சீரியசாகச் சொன்னாள்: சிமென்ட்டை வெறுக்க முடியாது, எங்க வீட்டுச் சோறு அது. ஆனா அஞ்சு மைல்ல கிடைக்குதுன்னு அள்ளிக் கொட்டவும் முடியாது. எங்க தேவையோ அங்க மட்டும் போடணும்.

அந்தக் கணக்கில்தான் ஹாலுக்கு ஃபில்லர் ஸ்லாப் வந்தது. விஷயம் ரொம்ப எளிது. கூரை ஸ்லாபில் மேல்பக்கக் கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும். கீழ்ப்பக்கம் வருகிற இழுவையைத் தாங்குவது கம்பி, அங்கே கான்கிரீட் பெரும்பாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறது. அந்தச் சும்மா இருக்கிற இடத்தில் ஓட்டை வைத்தால் கான்கிரீட் மிச்சம், பாரமும் குறைவு. பேக்கர் கேரளாவில் இதைத்தான் பரவலாகச் செய்தார். எங்கள் வீட்டில் வைத்தது தாத்தா வீட்டிலிருந்து இறக்கின சீமை ஓடு. அம்மா ஒவ்வொன்றாகக் கழுவிக் கொடுத்தார். "ஓடு வச்சா ஒழுகும்" என்ற மேஸ்திரி, சென்ட்ரிங் பிரித்த அன்றைக்கு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். கம்பிக் கட்டத்துக்குள் சிவப்புச் சிவப்பாக ஓடு. அப்பா விரலை நீட்டி ஒரு ஓட்டைக் காட்டி, "அது அடுப்பங்கரைக்கு மேல இருந்தது" என்றார். எப்படித் தெரியும் என்றேன். புகை படிந்து கறுத்திருந்தது, கழுவியும் போகவில்லை.

இதோடு நிறுத்தினால் நான் நல்லவனாகத் தெரிவேன். ஆனா போர்டிகோ இருக்கு.

டிராயிங்கில் போர்டிகோ கிடையாது. திண்ணை இருந்தது. வேலை முடிகிற நேரத்தில் கார் வாங்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை. அவளைக் கேட்டேன். "பண்ணலாம். ஆனா அதுக்கும் நாலு பைல் போடணும், இல்லன்னா வீட்டோட ஒட்டாம தனியா நிறுத்தணும்" என்றாள். பைல் போடும் ஆட்கள் திரும்ப வரணும், மறுபடி செலவு, மறுபடி காத்திருக்கணும். நானும் மேஸ்திரியும் போனில் பேசி முடித்தோம். சாதாரணக் கடைக்கால், ரெண்டு தூண், ஸ்லாபை வீட்டோடு சேர்த்துக் கட்டி, எட்டு நாளில் முடித்தோம். அவளுக்குச் சொல்லவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவள் வாசலிலேயே நின்று போர்டிகோவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சாப்பிட்டாள். எதுவும் பேசாமல் கிளம்பிவிட்டாள்.

2023 ஐப்பசி மழை. மாடித் தண்ணீர் இறங்கும் குழாயை நாங்கள் சரியாக அந்தத் தூண் அடியிலேயே விட்டிருந்தோம். கார்த்திகை பிறந்தபோது போர்டிகோ ஸ்லாப் வீட்டைச் சேருகிற இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. தை மாசம் அதில் அஞ்சு ரூபாய்க் காசு நுழைந்தது. வீடு அசையவில்லை. போர்டிகோ மட்டும் மண்ணோடு எழும்பி, மண்ணோடு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரே மண், ஒரே மேஸ்திரி, ஒரே சிமென்ட். வித்தியாசம் அடியில் இருக்கிற அந்த வெங்காயம் மட்டும்தான்.

போன் போட்டேன். முதல் தடவையாக மன்னிப்பு கேட்டேன், ரெண்டுக்கும் சேர்த்து, ஃபீஸுக்கும் போர்டிகோவுக்கும். "அந்த டிராயிங்ல என் கையெழுத்து இருக்குடா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். யாராவது அந்த விரிசலைப் பார்த்தால் இன்ஜினியரம்மா கட்டின வீடு விரிசல் விட்டுடுச்சு என்றுதான் சொல்வார்கள், என் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்பது எனக்கு அப்போதான் உறைத்தது. அரியலூரில் வாசலில் ஒரு போர்டு மாட்டி, யார் வருவாங்க என்ற கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறவளுக்கு எட்டு கிலோமீட்டருக்குள் பரவுகிற பேச்சு எவ்வளவு பெரிய விஷயம்!

வந்து பார்த்தாள். குழாயை மாற்றச் சொன்னாள். வீட்டைச் சுற்றித் தண்ணீர் வெளியே ஓடுகிற மாதிரி சாய்வாகத் தரை போடச் சொன்னாள். ஸ்லாபை வீட்டிலிருந்து அறுத்துப் பிரிக்கணும், ஆனா உடனே வேண்டாம், ஒரு முழு வருஷம் எவ்வளவு அசையுது என்று பார்த்துவிட்டுச் செய்யலாம் என்றாள். விரிசலின் முனையில் பென்சிலால் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் தேதி எழுதினாள். பென்சிலை அப்பாவிடம் கொடுத்தாள். அந்த சைட் விசிட்டுக்கும் பில் வந்தது. அன்றைக்கு ராத்திரியே அனுப்பிவிட்டேன்.

இப்போ அவளிடம் நாலு வேலை கையில் இருக்கு. ஒன்று எங்கள் மேஸ்திரி கூட்டிக்கொண்டு வந்தது. அவருடைய மச்சான் வீடு, அதே கரிசல். முதல் நாளே மேஸ்திரி கையில் ரெண்டு ஜாடியோடு போனாராம்.

அப்பா மாசாமாசம் ஒண்ணாந்தேதி அந்த விரிசல் முனையில் கோடு போட்டு, தேதி எழுதி, போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்புகிறார். எனக்கு அனுப்புவதில்லை. போன தடவை ஊருக்குப் போனபோது எண்ணிப் பார்த்தேன், சுவரில் பதினெட்டு கோடு. அவள் கேட்டது ஒரு வருஷம்தான். போர்டிகோவைப் போன ஆடியிலேயே அறுத்துப் பிரித்தாச்சு. அப்பா இன்னும் நிறுத்தவில்லை.